இரண்டு பரீட்சைகளுக்கு நடுவில் ஒரு சாப்பாடு

ஆண்டு முழுக்க என்னை யாரும் தேடி வருவதில்லை. இதைப் புகாராகச் சொல்லவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். திருவொற்றியூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தேர்வுப் பிரிவில் நான் உதவியாளன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். தலையைக் குனிந்தால்தான் உள்ளே போகலாம். அந்தக் குனிவைப் பார்த்தே கல்லூரியில் எனக்குப் பணிவானவன் என்று பெயர் வந்துவிட்டது.

பருவத் தேர்வுகளுக்குக் கால அட்டவணை போடுவது என் வேலை. எந்தப் பாடம் எந்தத் தேதியில், காலையிலா பிற்பகலிலா என்று நான்தான் பொருத்த வேண்டும். பட்டம் பல்கலைக்கழகம் கொடுக்கும். பரீட்சையை நாங்களே நடத்திக்கொள்வோம், திட்டையும் நாங்களே வாங்கிக்கொள்வோம்.

குடியிருந்தது கல்மண்டபத்தில், ஐஸ் கம்பெனியை ஒட்டிய ஒரு மாடி அறையில். பகலெல்லாம் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கும். ஆரம்பத்தில் தொல்லையாக இருந்தது. பிறகு அது ஓய்ந்தால் யாரோ பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போன மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து வாயைத் திறக்க அவசியமே வராது. சாயங்காலம் டீக்கடையில் போய் "ஒரு டீ" என்பேன். அன்றைக்கு முதன்முதலாக வெளியே வருகிற குரல் அல்லவா, கரகரவென்று உடையும். "இன்னா சார், ஜலதோஷமா?" என்பார் டீ மாஸ்டர். ஆமாம் என்று இருமிக் காட்டுவேன். இல்லை என்றால் வேறு என்ன காரணம் சொல்வது?

கல்யாணம் கூடி வரவில்லை. வியாசர்பாடியிலிருக்கும் அக்கா நாலைந்து இடம் பார்த்தாள். ஒரு பெண்ணின் அப்பா, "பரீட்சைக்குத் தேதி போடற உத்தியோகமா? அதுக்கெல்லாம் ஒரு ஆளா?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் என்னால் வாதாட முடியவில்லை. ஊருக்கெல்லாம் தேதி குறித்தவனுக்கு முகூர்த்தத் தேதி மட்டும் அமையவில்லை.

இந்த வறட்சிக்கு நடுவில் பருவத்துக்கு ஒரு வாரம் மழை பெய்யும். வரைவு அட்டவணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, "ஆட்சேபணை இருந்தால் தேர்வுப் பிரிவில் தெரிவிக்கலாம்" என்று கீழே ஒரு வரி எழுதுவோம். உடனே என் அறை வாசலில் செருப்புகள் குவியும்.

"சார், அக்கவுண்ட்ஸுக்கு முன்னால ஒரு நாள் கேப் குடு சார்."

"சார், அன்னிக்கு எங்க அக்காவுக்கு வளகாப்பு."

"சார், அன்னிக்கு மேட்ச் கீது சார். நீங்களும் பாக்கலாம் இல்ல?"

முக்கால்வாசி ஆட்சேபணைகளில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நான் ரொம்ப யோசிக்கிறவன்போல மோவாயைத் தடவிக்கொண்டு, "உட்காருப்பா, பார்ப்போம்" என்பேன். அதற்கென்றே வகுப்பறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கடத்திக்கொண்டு வந்து வைத்திருந்தேன். டிராயரில் பிஸ்கெட் இருக்கும். அந்த வாரம் முடிந்து இறுதி அட்டவணை ஏறியதும் எல்லாம் வற்றிவிடும். நாற்காலியும் நானும்தான் மிச்சம்.

அட்டவணை போடுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. தூசு படியாமலிருக்க அதை முதல்வர் அறையில் உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு பாடத்தின் பெயரை எழுதி, கட்டம் போட்ட பெரிய தாளின்மேல் பரப்பி நகர்த்துவேன். மின்விசிறி போட்டால் பறந்துவிடும். ஆகவே ஏப்ரல் வெயிலில் வியர்த்து ஊற்றிக்கொண்டு, அடுத்தவர் கல்யாணங்களை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருப்பேன்.

ஒருவருக்கு ஒரே வேளையில் இரண்டு பரீட்சை வரக்கூடாது. கஷ்டமான பாடங்கள் அடுத்தடுத்து வரக்கூடாது. பகலில் பரீட்சை எழுதிவிட்டு இரவு துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைக் காலையும் பிற்பகலும் உட்காரவைக்கக்கூடாது. இதெல்லாம் சுலபம், அரியர் என்ற ஒன்று மட்டும் இல்லாவிட்டால். முதல் வருடத்தில் தவறவிட்ட பாடத்தையும் மூன்றாம் வருடப் பாடத்தையும் சேர்த்து எழுத வேண்டியவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். ஓர் அட்டையை நகர்த்தினால் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவரின் காலை மிதித்துவிடும். ரேஷன் கடை வரிசையில் நடுவில் ஒருவரை நுழைத்தால் கடைசி ஆள் தெருவுக்குப் போய்விடுவார் அல்லவா, அந்தக் கதைதான்.

அந்த வருடம் பழைய பாடத்திட்டத்துக்குக் கடைசி வாய்ப்பு. அதில் புள்ளியியலைத் தவறவிட்டவர்கள் ஒரு கைப்பிடி பேர் மிஞ்சியிருந்தார்கள். எங்கே வைத்தாலும் அந்தப் புள்ளியியல் இரண்டு பேர் மேலாவது மோதியது. கடைசியில் ஒரே ஒருவருக்கு மட்டும், அவருடைய மூன்றாம் வருடப் பாடம் ஒன்றோடு மோதுகிற இடம் கிடைத்தது. அங்கே வைத்துவிட்டு, பெரிய நியாயவானைப்போலக் கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அந்த ஒருவர் எனக்கு வெறும் பதிவெண்தான்.

ஆட்சேபணை வாரத்தின் கடைசி நாளன்று அந்தப் பதிவெண் புடவை கட்டிக்கொண்டு நேரில் வந்தது. முப்பதை நெருங்கிய பெண். கையில் ஒயர் கூடை. எண்ணூரில் ஆற்றோரக் குப்பத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தார்.

"இன்னா சார் இது? ரெண்டு பரீட்சையும் ஒரே நாளு, ஒரே டைமு போட்டுகீறீங்கோ? நான் இன்னா ரெண்டு கையிலயும் எழுதறதா?"

"உங்களுக்கு இடது கைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டேன். எனக்கே பிடித்திருந்தது அந்தப் பதில்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரும் இப்டித்தான் சார், ஜோக்கு அடிச்சிட்டு போட்ல ஏறிப் போய்டுவாரு. நான்தான் குந்திகினு யோசிப்பேன்."

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். இரண்டாம் வருடத்தோடு கல்யாணம், குழந்தை, படிப்பு நின்றது. குழந்தை பள்ளிக்கூடம் போனதும் திரும்பி வந்து சேர்ந்திருக்கிறார். எல்லாம் தேறிவிட்டது, புள்ளியியல் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "எங்க குப்பத்து சங்கத்துல கணக்கு எழுதறேன் சார். டெம்ப்ரரி. இந்த வருசம் டிகிரி காமிச்சா பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிகீறாங்கோ. இல்லாங்காட்டி வேற ஆளு. இந்த பேப்பர வுட்டா புது சிலபஸ்ல முதல்லேர்ந்து படிக்கணும்னு ஆபீஸ்ல சொல்றாங்கோ. அதுக்குள்ள எம்பொண்ணே காலேஜ் வந்துடுவா."

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். "நீங்களே பாருங்க. எங்க வேணா வைங்க."

பெரும்பாலும் இதோடு எழுந்து போய்விடுவார்கள். இவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, புள்ளியியல் அட்டையை எடுத்துக் கட்டம் கட்டமாக நகர்த்த ஆரம்பித்தார். ஓரிடத்தில் வைத்து என்னைப் பார்த்தார்.

"அங்க வெச்சா, ஹார்பர்ல நைட் ஷிப்ட் போறவங்களுக்குக் காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு ஆயிடும்."

அட்டையை எடுத்துவிட்டார். "அவங்களும் பாவந்தான்." வேறிடத்தில் வைத்தார். அங்கே இன்னொருவருக்கு மோதியது. "இது யாரு?" பதிவெண்ணைச் சொன்னேன். "யாரோ பெத்த புள்ள," என்று அதையும் எடுத்துவிட்டார். இடையில் டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

"எங்க ஆத்துல எறா புடிக்கறதுக்கு மொறை கீது சார். பாடுன்னு சொல்வோம். இன்னிக்கு ஒரு குப்பம், நாளைக்கு இன்னொரு குப்பம். மோதவே மோதாது."

"உங்க ஆத்துல அரியர் கிடையாதே."

"ஏன் கெடையாது? நம்ம மொறை அன்னிக்கு தண்ணி ஓட்டம் இல்லன்னா வலைல ஒண்ணும் ஏறாது. போனது போனதுதான். அடுத்த மொறைக்குக் காத்துகினு கெடக்கணும்." டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அடுத்த மொறை இல்லியே சார்," என்றார். அட்டையை நான் வைத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டில் நான் யாரோடும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர் போன பிறகு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பினால் முன்பக்கத்தில் யாரோ ஒரு மணமகனின் பாதிப் பெயர் இருந்தது.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வேதியியல் பேராசிரியர். கூரை இடிந்து விழுந்தாலும், "விதி என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒதுங்குவார். விதி ஒன்று இருக்கத்தான் செய்தது. மோதுகிறவர் காலையில் ஒரு பரீட்சையை எல்லோரோடும் எழுதலாம். இன்னொன்றைப் பிற்பகலில் தனியாக எழுதலாம். ஆனால் மற்றவர்கள் அந்தக் கேள்வித்தாளோடு காலையிலேயே வெளியே வந்துவிடுவதால், நடுவில் மதிய இடைவேளை முழுக்க அவரைத் தனி அறையில் கண்காணிப்பில் வைக்க வேண்டும். கேள்வி ஒன்று காதில் விழுந்தாலும் பிற்பகல் பரீட்சை ரத்து. யாரும் இதைப் பயன்படுத்தியதில்லை, ஏனென்றால் சோற்றை விட்டுவிட்டுக் காவல் இருக்க ஆள் கிடைத்ததில்லை.

"யார் உட்காருவா?" என்று அலுவலர் கேட்டதும் ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் அவரவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"நான் இருக்கேன் சார்."

"உமக்கு வேற வேலை இல்லையா?"

"சாப்பாட்டு நேரத்தில் இல்லை சார்."

பெண் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்று அலுவலர் சொன்னதால் கல்லூரி ஆயாவிடம் கேட்டேன். "இன்னா நைனா, ஜெயிலு வார்டன் வேலையா? தலகாணி குடுப்பாங்களா?" என்றார் ஆயா. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பரீட்சை நாளன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வால் பிடித்து நின்றன. அந்தப் பெண் அதற்குப் பயந்து முதல் ரயிலிலேயே வந்து படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். காலையில் மூன்றாம் வருடப் பாடத்தை எழுதி முடித்ததும் ஆயா அவரைக் கையைப் பிடித்து, யாரும் பேசிவிடாமல், "ஒத்து ஒத்து" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். வேதியியல் ஆய்வகத்தின் பழைய தராசு அறைதான் எங்கள் சிறை.

சாப்பாட்டைச் சோதிப்பதும் என் கடமை. பிட் ஒளித்து வைத்திருக்கலாம் என்கிறது விதி. அவருடைய தூக்கைத் திறந்தேன். மேலடுக்கில் சோறு, நடுவில் வறுத்த நெத்திலி, கீழே சங்கரா மீன் குழம்பு.

"நீதானே ஆபீசரு, நீயே தேடு," என்று ஆயா ஒதுங்கிக்கொண்டார்.

ஸ்பூனால் குழம்பைத் துழாவினேன். கடமையுணர்ச்சி மிகுந்து மீனின் வயிற்றையும் பிளந்து பார்த்தேன்.

"உள்ள முள்ளுதான் சார் கீது. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் இல்ல," என்றார் அவர். ஆயா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மீன ஒடச்சி நாசம் பண்ணிட்டீங்கோ. இனிமே நீங்களே துன்னுங்கோ. மூணு பேருக்குத்தான் எட்த்துகினு வந்தேன்."

என் சட்டைப் பையில் மெஸ் டோக்கன் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டது. தூக்கின் மூடியில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி, "போதுமா?" என்று கேட்டார். மெஸ்ஸிலும் போதுமா என்று கேட்பார்கள்தான். கேட்கும்போதே கரண்டி அடுத்த இலைக்குப் போயிருக்கும். இங்கே கரண்டி என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது. "காரம்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காரமும் இருந்தது.

சாப்பிட்டதும் ஆயா சுவரோரம் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்தப் பெண் தன் குறிப்பேட்டைப் புரட்டி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"மனசுக்குள்ள படிக்க வராதா?" என்றேன்.

"வூட்ல பேச ஆளு இல்ல சார். அவரு கடலுக்குப் போனா வர்றதுக்கு நாளாவும். பாப்பா ஸ்கூலுக்குப் பூடும். இந்த கணக்கோடதான் பேசிகினு கீறேன். அதுவும் பதில் சொல்ல மாட்டேங்குது."

என் ஞாயிற்றுக்கிழமைக் குரலைப் பற்றி, ஐஸ் உடைக்கிற சத்தத்தைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "கணக்கு ஆம்பளைன்னு நினைக்கிறேன்," என்று ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் கீழே மைதானத்திலிருந்து குரல் வந்தது.

"அக்கா! யக்கா! தராசு ரூம்லதான கீற? கேட்டுக்கோ!"

எட்டிப் பார்த்தேன். வெல்டிங் பட்டறையில் வேலை செய்துகொண்டே படிக்கிறவர், காலையில் புள்ளியியல் எழுதிய கைப்பிடிப் பேரில் ஒருவர். கையில் கேள்வித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அக்கா தேறட்டும் என்கிற பாசம்தான். பாசம்தான் ஆபத்தாக இருந்தது.

"யோவ், கத்தாதே! போ!"

"சார், நீ கேக்காத சார். நான் அக்காவுக்கு சொல்றேன்," என்றார் அவர் சமாதானமாக.

ஜன்னலை இழுத்தேன். கொக்கி துருப்பிடித்து அசைய மறுத்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. கீழே, "மொதோ கேள்வி இன்னான்னா—" என்று ஆரம்பமாகியது.

நான் பாடினேன்.

பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்த அவசரத்தில் எனக்கு முழுசாக மனப்பாடமாகத் தெரிந்தது தேர்வு அட்டவணை ஒன்றுதான். தூக்கு மூடியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் தட்டி, எங்கள் பக்கத்துக் கானா மெட்டில் அதையே எடுத்துவிட்டேன். "திங்கக்கெழம காலையில காமர்ஸு! அட, செவ்வாக்கெழம மத்தியானம் பிசிக்ஸு!" பல வருடம் பேசாமல் சேர்த்துவைத்த குரல் மொத்தமும் வெளியே வந்தது. தூக்கம் கலைந்த ஆயா ஒன்றும் விசாரிக்கவில்லை. பாட்டு நடக்கிறது, தாளம் போதவில்லை என்று மட்டும் புரிந்துகொண்டு மேஜையில் இரண்டு கையாலும் போட ஆரம்பித்தார்.

புதன்கிழமைக்கு வந்தபோது கதவு திறந்தது. வாசலில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்.

"என்னய்யா இது?"

நிறுத்தினால் கீழேயிருப்பவர் இரண்டாம் கேள்விக்குப் போய்விடுவார். ஆகவே அதே மெட்டில், "சன்னலோரம் வந்து நீங்க பாருங்க சாரே!" என்று பாடிக் கையைக் காட்டினேன். அவர் வந்து பார்த்தார். ஒரே ஓர் அதட்டல். வெல்டிங்காரர் கேள்வித்தாளோடு கேட்டைத் தாண்டிவிட்டார்.

அறையில் சத்தம் அடங்கியது. நான் மூடியை நிமிர்த்தி வைத்தேன்.

அலுவலர் அந்தப் பெண்ணிடம் போய்க் காதிலிருந்து கையை விலக்கச் சொல்லி ஜாடை காட்டினார். "உண்மையைச் சொல்லும்மா. ஏதாவது காதில் விழுந்ததா?"

"வுழுந்துச்சி சார்."

சங்கமும் பட்டமும் ஆற்றோடு போய்விட்டன என்று நினைத்தேன்.

"என்ன விழுந்தது?"

"திங்கக்கெழம காலைல காமர்ஸுன்னு வுழுந்துச்சி சார். கைய அமுக்கினாலும் அதான் உள்ள வருது. இனிமே செத்தாலும் மறக்காது."

அலுவலர் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், ஆயாவைப் பார்த்தார். விதி என்ன சொல்லுது என்று யோசித்திருப்பார். பாட்டைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. "எழுதட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் இருமியது கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம், நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பிற்பகல் முழுக்க அந்த அறையில் அந்தப் பெண் எழுதினார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பேசக்கூடாது. துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதியது. பேனா நின்றால் எனக்கு மூச்சு நின்றது, ஓடினால் ஓடியது. பேசாமல் ஒருவரோடு உட்கார்ந்திருப்பதும் பேசாமல் தனியாக உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, "ரயிலுக்கு டைமாயிட்ச்சி, வர்றேன் சார்," என்று ஓடினார்.

தேறிவிட்டார். மயிரிழைதான், ஆனாலும் தேறிவிட்டார். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது என் அறைக்கும் வந்து, ஒரு பொட்டலம் காய்ந்த இறாலை மேஜைமேல் வைத்தார். நாற்காலியில் உட்காரவில்லை. குழந்தை வெளியே நின்றுகொண்டிருந்தது.

"பர்மனென்ட் பண்ணிட்டாங்கோ சார். இனிமே இங்க வர்ற வேலையே கெடையாது இல்ல?"

எவ்வளவு சந்தோஷமாகக் கேட்டார் தெரியுமா! பரீட்சையை முடித்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

"கிடையவே கிடையாது," என்றேன். "அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

வாசலில் குனிந்து வெளியே போனவர் திரும்பி, "சாப்ட்டீங்களா சார்?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

அடுத்த பருவத்துக்கு வெறி பிடித்தவன்போல உழைத்தேன். ஒருவருக்கும் மோதாத அட்டவணை ஒன்று அமைந்துவிட்டது, எனக்கே நம்ப முடியவில்லை. ஆட்சேபணை வாரத்தில் வாசலில் ஒரு செருப்பும் இல்லை. பிஸ்கெட் நமுத்துப்போனது. அலுவலர் வந்து, "ஒரு புகாரும் இல்லை, பிரமாதம்," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

கடைசி நாள் மதியம் மெஸ் சாப்பாட்டைத் தூக்கில் வாங்கிக்கொண்டு தராசு அறைக்குப் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் இன்னும் சாத்த வரவில்லை. பெருக்க வந்த ஆயா எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இன்னிக்கு யார புடிச்சி வெச்சிகீற?"

"யாருமில்ல ஆயா. நான் மட்டுந்தான்."

ஆயா கிட்டே வந்து தூக்குக்குள் குனிந்து பார்த்தார்.

"சாம்பாரா?" என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.